ஃப்யூவல் பம்ப்: மாற்றும் முன் அளந்து பாருங்கள்

பெட்ரோல் இன்ஜெக்‌ஷன் கார் செல்ஃப் அடித்தும் ஸ்டார்ட் ஆகவில்லை என்றால் முதல் பழி ஃப்யூவல் பம்ப் மேல்தான் விழுகிறது. புதுப் பம்ப் போட்ட பிறகும் சில வாரங்களில் அதே தொல்லை திரும்பி வருவதுண்டு. பழைய பம்ப் நன்றாகவே இருந்திருக்கும். இல்லாவிட்டால் அதைக் கெடுத்த காரணம் அப்படியே இருந்திருக்கும். இந்த வீண்செலவைத் தவிர்க்க ஓர் அடிப்படை தெரிந்தால் போதும்: இந்தப் பம்புகளுக்குத் தள்ளும் வலு மிக அதிகம், உறிஞ்சும் வலு மிகக் குறைவு. பம்பை எங்கே பொருத்துவது, கோளாறை எங்கிருந்து தேடுவது என்ற இரண்டு கேள்விக்கும் விடை இதில்தான் இருக்கிறது.

கார்புரேட்டருக்கு 0.3 பார் அளவு அழுத்தமே போதும். அதனால் இன்ஜினை ஒட்டி இருந்த டயாஃப்ரம் பம்ப், பின்னால் இருந்த டேங்கிலிருந்து பெட்ரோலை உறிஞ்சிச் சமாளித்தது. எம்பிஎஃப்ஐ இன்ஜெக்‌ஷன் உள்ள இன்ஜினுக்குச் சுமார் 3 பார் வேண்டும். ஒர்க்‌ஷாப்பில் 3 கிலோ பிரஷர் என்பது இதைத்தான். தள்ளுவதற்கு மோட்டாரின் வலுவே எல்லை. உறிஞ்சுவதற்கோ காற்றழுத்தம் எல்லை, அது 1 பார்தான். பெட்ரோல் அந்த எல்லை வரைகூடத் தாங்காது: 38 டிகிரி வெப்பத்தில் அதன் ஆவியழுத்தமே அரை பாரைத் தாண்டிவிடும். வெயிலில் சூடான பெட்ரோலைக் கொஞ்சம் பலமாக இழுத்தாலே குழாய்க்குள் அது கொதித்துக் குமிழியாகிவிடுகிறது. குமிழியைப் பம்பால் அழுத்தித் தள்ள முடியாது. தன் வழியே ஓடும் பெட்ரோல்தான் மோட்டாரைக் குளிர்விக்கிறது, உராய்வையும் தணிக்கிறது. எனவே குமிழி வந்தால் அழுத்தம் குறைவதோடு பம்பின் ஆயுளும் தேய்கிறது.

எங்கே பொருத்துவது?

ஆகவே பம்புக்குச் சிறந்த இடம் டேங்குக்குள், அடிமட்டத்தில், பெட்ரோலில் மூழ்கியபடி. இன்றைய கார்களில் பெரும்பாலும் அப்படித்தான் இருக்கிறது. பழைய கார்புரேட்டர் காரை இன்ஜெக்‌ஷனுக்கு மாற்றுகிறவர்கள் பம்பை வெளியே வைக்க நேர்ந்தால், டேங்கின் அடிமட்டத்துக்கும் கீழே, டேங்கை ஒட்டி, சைலன்சர் குழாயின் சூடு எட்டாத இடத்தில், ரப்பர் புஷ் கொடுத்துப் பொருத்த வேண்டும். கல் அடிக்காதபடி ஒரு தகடும் தேவை. உள்வரும் குழாய் அகலமாகவும் வளைவு குறைவாகவும் இருக்கட்டும். பம்புக்கு முன்னால் தடை தராத பெரிய கண் வடிகட்டி, பின்னால் மெல்லிய கண் ஃபில்டர் என்ற வரிசை மாறக் கூடாது. மெல்லிய ஃபில்டரை முன்னால் போட்டால் பம்பின் மூச்சை நாமே அடைக்கிறோம். ஹோஸும் கிளாம்பும் இன்ஜெக்‌ஷன் அழுத்தத்தையும் எத்தனால் கலந்த பெட்ரோலையும் தாங்குபவையாக இருக்க வேண்டும்.

பம்பின் உறிஞ்சும் வலு குறைவு என்பதற்கு நல்ல சான்று வால்வோ 240. அதன் கே-ஜெட்ரானிக் இன்ஜெக்‌ஷன் மாடல்களில் பிரதான பம்ப் காரின் அடியில் இருக்கும். அதற்குப் பெட்ரோலை ஊட்டுவதற்கென்றே டேங்குக்குள் ஒரு சின்னப் பம்பும் உண்டு. சின்னப் பம்ப் செத்தாலும் கார் ஓடும். ஆனால் டேங்க் பாதிக்குக் கீழே இறங்கினால், அதுவும் வெயில் நாளில், பிரதான பம்ப் இரையத் தொடங்கும். வண்டி நின்றும் போகும். இரைகிற பம்பை மாற்றினால் தீராது, ஊட்டுகிற பம்பைத்தான் மாற்ற வேண்டும்.

பெட்ரோலுக்குள் மின்மோட்டார் ஆபத்து இல்லையா என்று சிலர் கேட்கலாம். பெட்ரோல் ஆவி காற்றில் ஏறத்தாழ 1.4 முதல் 7.6 சதவீதம் வரை கலந்திருந்தால்தான் தீப்பிடிக்கும். வழக்கமான வெப்பநிலையில் டேங்குக்குள் ஆவியின் செறிவு இதைவிட மிக அதிகம். எரியப் போதிய காற்று அங்கே இல்லை. வெளியே இருந்தால் வழியில் பழுதுபார்க்க எளிது என்பார்கள். அது உண்மைதான். ஆனால் டேங்குக்குள் இருக்கும் பம்புக்குப் பழுது வரும் வாய்ப்பே குறைவு.

கோளாறை எப்படித் தேடுவது?

முதலில் பாதுகாப்பு. வேலை திறந்தவெளியில் நடக்கட்டும். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது, சர்வீஸ் குழிக்குள் தேங்கிவிடும். தீயணைப்பான் கைக்கெட்டும் இடத்தில் வேண்டும். குழாயைக் கழற்றும் முன் பம்பின் ஃப்யூஸைப் பிடுங்கிவிட்டு, இன்ஜின் தானாக நிற்கும் வரை ஓடவிட்டு அழுத்தத்தை வடியுங்கள். பிறகு பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றுங்கள். நேரடி இன்ஜெக்‌ஷன் கார்களில் இன்ஜின் மேல் இருக்கும் உயரழுத்தக் குழாயைத் தொடவே வேண்டாம்; அதில் 50 பாரிலிருந்து 200 பாருக்கு மேலும் அழுத்தம் இருக்கும்.

இரண்டாவது, காது. சாவியை ஆன் செய்ததும் பல கார்களில் ஏறத்தாழ இரண்டு நொடி பின்சீட்டுப் பக்கம் ரீங்காரம் கேட்கும். கேட்காவிட்டால் ஃப்யூஸ், ரிலே, மோதலில் பெட்ரோலை நிறுத்தும் கட்-ஆஃப் சுவிட்ச் இருந்தால் அது, இப்படி வரிசையாகப் பாருங்கள். டேங்கின் அடியில் ரப்பர் சுத்தியலால் தட்டியதும் மோட்டார் ஓடினால் உள்ளே கார்பன் பிரஷ் தேய்ந்துவிட்டது. வீடு வந்து சேர அது உதவும்; பம்பை மாற்றத்தான் வேண்டும்.

மூன்றாவது, வோல்டேஜ். பம்பின் கனெக்டரில், மோட்டார் ஓடும்போதே அளக்க வேண்டும். கனெக்டரைக் கழற்றி அளந்தால் கருகிய ரிலேயும் 12 வோல்ட் காட்டி ஏமாற்றும். பேட்டரியில் உள்ளதைவிட ஒரு வோல்ட்டுக்கு மேல் குறைந்தால் குற்றம் வயரிங்கில். துருப்பிடித்த எர்த்தை முதலில் சந்தேகியுங்கள். வோல்டேஜ் குறைந்தால் மோட்டாரின் வேகமும் பெட்ரோலின் அளவும் சேர்ந்தே குறையும்.

நான்காவது, அழுத்தம். கேஜை மாட்டி, ஃப்யூஸையும் பேட்டரியையும் மீண்டும் இணைத்து, சர்வீஸ் மேனுவல் சொல்லும் அளவோடு ஒப்பிடுங்கள். வோல்டேஜ் சரி, எர்த் சரி, அழுத்தம் பூஜ்யம், சத்தமும் இல்லை என்றால் பம்ப் போய்விட்டது. அழுத்தம் குறைந்து சத்தம் கூடியிருந்தால் உறிஞ்சும் பக்கம் அடைப்பு: டேங்க் மூடியைத் திறந்ததும் காற்று உள்ளே இழுபட்டு நிலைமை சீரானால் வென்ட் அடைப்பு, இல்லையென்றால் பம்பின் அடியில் உள்ள வடிகட்டி வலையில் அடைப்பு. நிற்கும்போது சரியாக இருந்து மேடேறும்போது அழுத்தம் விழுந்தால் ஃபில்டரையும் தேய்ந்த பம்பையும் பாருங்கள். வாக்குவம் ஹோஸுடன் ரெகுலேட்டர் உள்ள கார்களில் ஐடிலில் அந்த ஹோஸைக் கழற்றினால் அழுத்தம் அரை பார் அளவு ஏற வேண்டும். ஏறாவிட்டால் ரெகுலேட்டரைச் சோதியுங்கள். ஹோஸில் பெட்ரோல் ஈரம் தெரிந்தால் அதன் டயாஃப்ரம் கிழிந்துவிட்டது.

ஐந்தாவது, இன்ஜினை நிறுத்திய பின் நிற்கும் அழுத்தம். அது மளமளவென்று இறங்கினால் பம்பின் செக் வால்வோ ரெகுலேட்டரோ இன்ஜெக்டரோ கசிகிறது. சாவியை இரண்டு மூன்று முறை ஆன் செய்துவிட்டு செல்ஃப் அடித்தால் உடனே பிடிக்கிறது என்பது இதன் அடையாளம்.

இவ்வளவுக்கும் நேரம் ஏது, பம்பை மாற்றினால் ஒரே வேலை என்று மெக்கானிக் சொல்லக்கூடும். மேற்சொன்ன அளவுகளை எடுப்பது, டேங்கை இறக்கிப் பம்பைக் கழற்றுவதைவிடக் குறைந்த வேலை. அடைப்போ எர்த் கோளாறோ தீராமல் போட்ட புதுப் பம்பும் பழையதன் வழியில்தான் போகும். பம்ப் குளிர்ச்சியாக இருக்க, டேங்கில் எப்போதும் கால் பங்கு பெட்ரோலாவது வைத்திருங்கள். ஃபில்டரை மேனுவல் சொல்லும் தூரத்தில் மாற்றுங்கள். பம்பை மாற்றச் சொல்கிறவரிடம், ஓடும்போது வோல்டேஜ் எவ்வளவு, அழுத்தம் எவ்வளவு என்று கேளுங்கள். இரண்டு எண்ணும் கையில் வந்த பிறகு முடிவெடுங்கள்.