மணிக்கயிறு இப்போ உன் கையில

ஏட்டி, சேகரக் கமிட்டியில உன்னைப் போட்டுட்டாங்களாமே. அம்மா ராத்திரி பத்து மணிக்குப் போன் பண்ணிச் சொன்னா. 'வாட்ஸ்அப், யூடியூப் எல்லாம் இனி இந்தத் தங்கச்சி பார்த்துக்கிடுவா'ன்னு கோயில்ல அறிவிப்பு நேரத்துல போதகர் ஐயர் சொன்னதும், முன் பெஞ்சுல இருந்த பெரியவங்க எல்லாம் ஒருசேரத் திரும்பி உன்னைப் பார்த்தாங்களாம். பாவம்டீ நீ.

எங்க சபையில அந்த வேலையை ஆறு வருஷம் பார்த்தவ நான். 2020 மார்ச் 25-ல ஊரடங்கு. ஏப்ரல் 12 ஈஸ்டர். எப்படியாவது ஆராதனையை வீட்டுக்கு வீடு கொண்டுபோகணும்னு, ஒரு பழைய போனை ரெண்டு பாமாலைப் புஸ்தகத்துக்கு நடுவுல சொருகி வச்சு பேஸ்புக்ல லைவ் போட்டோம். ஐயரோட தலை தெரியல. முக்கால் மணி நேரம் வெள்ளை அங்கி மட்டும் பிரசங்கம் பண்ணிச்சு. அப்படித் தொடங்கினவ சொல்றேன்னு கேட்டுக்கோ.

இன்ஸ்டாகிராம், வெப்சைட், லோகோன்னு இளைஞர் ஐக்கியத்துப் பிள்ளைங்க உன்கிட்ட ஓடி வருவாங்க. ஒரு வாரம் எதையும் தொடாதே. ஞாயித்துக்கிழமை பெஞ்சுல யார் இல்லைன்னு மட்டும் பாரு. மூணு பேர் இருக்க மாட்டாங்க. முட்டுவலியால ரெண்டு வருஷமா வீட்டை விட்டு இறங்காத ஆச்சி. குவைத்துல நர்ஸா இருக்கிற அவ பேத்தி. அப்புறம், மாற்றலாகி நேத்துதான் ஊருக்கு வந்து, எட்டு மணி ஆராதனை எங்கேன்னு போன்ல தேடிக்கிட்டிருக்கிற யாரோ ஒருத்தர். உன் வேலை இந்த மூணு பேருக்குத்தான். பெஞ்சுல உட்கார்ந்திருக்கிறவங்களுக்கு அறிவிப்பு காதுலயே விழுந்துடுது.

அந்த மூணாவது ஆள்கிட்ட இருந்து ஆரம்பி. அவர் பேஸ்புக் பக்கத்தைத் தேட மாட்டார், கூகுள் மேப்பைத்தான் பார்ப்பார். உங்க கோயில் அதுல எப்படி இருக்குன்னு இன்னைக்கே பாரு. பத்துக்கு எட்டு கோயில்கள்ல யாரோ வழிப்போக்கர் ஏத்தின படமும் தப்பான நேரமும்தான் கிடக்கும்னு என் அனுபவத்துல சொல்றேன். அந்த இடத்துக்கு உரிமை கேட்டு விண்ணப்பிச்சு, சரிபார்ப்பு முடிச்சு, சபை பேர்ல எடுத்துக்கோ. பணம் கிடையாது. எங்க கோயிலோட மேப் குறி ஒரு தெரு தள்ளி, அதே பரிசுத்தவான் பேர்ல இருந்த இன்னொரு சபை வாசல்ல கிடந்துச்சு. சென்னையில இருந்து கல்யாணத்துக்கு வந்த மாப்பிள்ளை வீட்டு வேன் ஒண்ணு அங்க போய் இறங்கி, முன்வரிசையில உட்கார்ந்து, பொண்ணு யாருன்னு தெரியாம முழிச்சிருக்கு. அன்னைக்கு அங்கேயும் கல்யாணம்! குறியை நகர்த்த எனக்கு அஞ்சு நிமிஷம்தான் ஆச்சு. ஆனா அது எனக்குத் தெரிய ஒரு தாலிகட்டு தவற வேண்டியிருந்துச்சு.

பெரிய வெள்ளி, கிறிஸ்துமஸ், டிசம்பர் 31 ராத்திரி ஆராதனை, இதுக்கெல்லாம் சிறப்பு நேரம்னு தனியாப் போட கூகுள் மேப்புலயே வசதி இருக்கு. புதுசா வர்றவங்க அதிகம் தேடுறது அந்த நாட்கள்லதான்.

போஸ்டரைப் பத்தி அதிகம் சொல்ல ஒண்ணுமில்லை. பிரசங்கியார் படம் கால்வாசிக்கு மேல வேண்டாம், எழுத்து பெருசா இருக்கட்டும். தரங்கம்பாடியில மிஷனெரி சீகன்பால்கு காலத்துல ஜெர்மனியில இருந்து வந்த தமிழ் எழுத்து பெருசா இருக்கு, காகிதம் பத்தலன்னு இங்கேயே சின்ன எழுத்து வார்த்துதான் 1715-ல புதிய ஏற்பாட்டை அச்சடிச்சு முடிச்சாங்க. அவங்களுக்குக் காகிதப் பஞ்சம். நமக்கு என்ன பஞ்சம்? நேரத்தையும் இடத்தையும் எறும்பு மாதிரி எழுதிட்டு, மீதி இடமெல்லாம் புறாவும் மேகமுமா நிரப்புறாங்க. படத்துக்குக் கீழ அதே விவரத்தை யூனிகோடு தமிழ்ல டைப் பண்ணியும் போடு. கண் தெரியாதவங்க போன் படத்துல இருக்கிற எழுத்தைப் பல நேரம் வாசிக்கத் தடுமாறும், டைப் பண்ணினதைச் சுத்தமா வாசிச்சுச் சொல்லும்.

இப்போ வாட்ஸ்அப். உன் தலைவலியில முக்கால் பங்கு இதுதான்.

ஒரே குரூப்ல 1024 பேர் வரைக்கும் சேர்க்கலாம். சேர்க்க முடியுதேன்னு சேர்த்துடாதே. குரூப்ல எல்லார் நம்பரும் எல்லாருக்கும் தெரியும். எங்க பாடகர் குழுப் பிள்ளை ஒருத்திக்கு முன்பின் தெரியாத ஆள்கிட்ட இருந்து தினம் காலை வணக்கம், ராத்திரி வணக்கம். அவ வெளியேறினப்போதான் எனக்குக் காரணமே தெரிஞ்சுது. வாட்ஸ்அப்ல கம்யூனிட்டின்னு ஒண்ணு இருக்கு. அதோட அறிவிப்புப் பகுதியில அட்மின் மட்டும்தான் போட முடியும், உறுப்பினர் நம்பர் மத்த உறுப்பினர்களுக்குத் தெரியாது. சபை அறிவிப்பை அதுக்கு மாத்து. பெண்கள் ஐக்கிய சங்கம், ஞாயிறு பள்ளி ஆசிரியர்கள், பாடகர் குழுன்னு பேசிக்கிறவங்க குரூப் எல்லாம் அதுக்குள்ளயே தனித்தனியா இருக்கட்டும். திருமண்டலப் பெருமன்றத் தேர்தல் வர்ற மாசம் இதுக்காக என்னை நினைச்சுக்குவ. எல்லாரும் எழுதற பெரிய குரூப் இருந்துச்சுன்னா அன்னைக்குக் கோயில் காம்பவுண்டுச் சண்டையெல்லாம் உன் போன்லதான்.

மரண அறிவிப்புதான் சபை ரொம்பத் தேடிப் படிக்கிற செய்தி. முன்னெல்லாம் கோயில் மணி ஒத்தையா விட்டு விட்டு அடிச்சா ஊரே வாசலுக்கு வந்து 'யாரு?'ன்னு கேட்கும். மணிக்கு அந்தக் கேள்விக்குப் பதில் தெரியாது, உபதேசியார்தான் சொல்லுவார். அவர் துக்க வீட்டுக்கே போய்ப் பார்த்துட்டு வந்து சொல்லுவார். அதனால தப்பு வராது. ஒருநாள் எங்க குரூப்ல யாரோ அவசரத்துல ஒரு பேரைப் போட்டுட்டாங்க. அதே பேர்ல சபையில ரெண்டு பேர். உயிரோட இருந்தவரோட மக வெளிநாட்டுல இருந்து அழுதுக்கிட்டே கூப்பிட்டா. அவர் வீட்டுத் திண்ணையில உட்கார்ந்து பல் குத்திக்கிட்டிருந்தார். அதுக்கப்புறம் நான் வச்ச சட்டம்: துக்க வீட்டுல ஒருத்தர்கிட்ட, இல்லேன்னா உபதேசியார்கிட்ட, காதால கேட்காம போடக்கூடாது. பேரோட எந்தத் தெரு, யாருடைய அம்மா, யாருடைய மாமனார்னு எழுது. வீட்டுல எத்தனை மணிக்கு எடுக்கிறாங்க, கோயில்ல எத்தனை மணி, கல்லறைத் தோட்டம் எது. ஆஸ்பத்திரியில மூக்குல குழாயோட எடுத்த படம் யார் கொடுத்தாலும் வாங்காதே.

'நாளை', 'இன்று மாலை'ன்னு எதுலயுமே எழுதாதே. தேதியும் கிழமையும் எழுது. நீ போட்டது நாலு நாள் கழிச்சு எங்கேயோ சுத்திட்டு வந்து நிக்கும். அசனப் பண்டிகை முடிஞ்சு அண்டா கழுவிக் கவிழ்த்த மறுநாள், 'நாளை அசனம்'னு பார்த்துட்டுப் பக்கத்து ஊர்ல இருந்து ஒரு குடும்பம் தூக்குச்சட்டியோட வந்து நின்னதை நான் பார்த்திருக்கேன்.

லைவுக்கு வருவோம். கேமரா வாங்கணும்னு கமிட்டியில பேச்சு எடுப்பாங்க. வேண்டாம்னு சொல்லு. ஆச்சிக்குப் படம் கொஞ்சம் மங்கினாலும் பரவாயில்ல, சத்தம் கேட்கலன்னா அணைச்சுட்டுப் படுத்துருவா. நம்ம கோயிலுக்கெல்லாம் கூரை உசரம், எதிரொலிக்கும். அதோட மின்விசிறிச் சத்தம் வேற. பத்து வரிசை தள்ளி நிக்கிற போன் அதையெல்லாம்தான் பிடிக்கும். மைக்செட் மிக்ஸர்ல 'ஆக்ஸ்'னு தனியா ஒரு அவுட்புட் இருக்கும். அதுல இருந்து ஒயர் எடுத்து, போன்ல சொருகிற சின்ன ஆடியோ இன்டர்ஃபேஸ் வழியாக் கொண்டு வா. மைக்செட் அண்ணன்கிட்ட மரியாதையாப் பேசு. அவர் ஒத்துழைக்காம கோயில்ல ஒரு ஒயரும் அசையாது. 'ஆக்ஸ்' அளவைக் கம்மியில தொடங்கி மெதுவா ஏத்தச் சொல்லு, இல்லேன்னா கரகரன்னு உடையும்.

இதுல நான் ஒரு வருஷம் கழிச்சுக் கண்டுபிடிச்ச தப்பு ஒண்ணு. மிக்ஸர் வழியா எடுத்தா ஐயர் குரல் கண்ணாடி மாதிரி இருக்கும், ஆனா சபை பாடுறது கேட்கவே கேட்காது. ஜனங்களுக்கு முன்னாடி மைக் கிடையாதே. ஒரு அம்மா சொன்னாங்க: 'கோயில் காலியா இருக்கிற மாதிரி இருக்கும்மா.' அதுக்கப்புறம் ஜனங்களைப் பார்த்து ஒரு மைக்கைத் தூண்ல கட்டி, லைவுக்கு மட்டும் கொஞ்சமாக் கலந்தோம். பின்பெஞ்சு தாத்தா அரைத் தாளம் பிந்திப் பாடுறதும், யாரோ பிள்ளை அழறதும் கேட்க ஆரம்பிச்சதும் வீட்டுல பார்க்கிறவங்க எண்ணிக்கை கூடிச்சு.

யூடியூப்ல முதல் தடவை லைவ் வசதியைத் திறந்தா 24 மணி நேரம் வரை காக்க வைக்கும். போன்ல இருந்து நேரடியா லைவ் போடக் குறைஞ்சது 50 சப்ஸ்கிரைபர் வேணும். அதனால சனிக்கிழமை ராத்திரி இதையெல்லாம் தொடங்காதே, திங்கக்கிழமையே பண்ணு. போனை ஃப்ளைட் மோடுல போட்டு வைஃபை மட்டும் திறந்து வை. மன்னிப்பின் ஜெபம் நடுவுல கடன் வேணுமான்னு எவனாவது கூப்பிட்டா லைவ் அறுந்துரும். திருவிருந்து நேரம் கேமராவைப் பீடத்துல நிறுத்திட்டு அசையாம விடு. முழங்கால்ல நிக்கிறவங்க முகத்துக்கிட்ட கொண்டு போகாதே. 'சண்டே லைவ்'னு தலைப்பு வைக்காம தேதி, வேதபாடம், பிரசங்கியார் பேர் போட்டு வை, பின்னாடி தேடினா கிடைக்கும்.

பாட்டு விஷயத்துல சூதானமா இரு. தஞ்சாவூர் வேதநாயக சாஸ்திரியார் 1864-ல போயிட்டார், அவர் கீர்த்தனைகளை உன் பாடகர் குழு பாடினா உரிமை கேட்க யாருமில்லை. நம்ம நாட்டுல எழுதினவர் இறந்து 60 வருஷம் வரைக்கும் உரிமை உண்டு. மதச் சடங்குல பாடுறதுக்குச் சட்டத்துலயே விலக்கு இருக்குன்னு ஒரு வக்கீல் அண்ணன் வாதாடுவார். அவர் சொல்றது சரிதான், ஆனா யூடியூப்ல இருக்கிற மெஷின் வக்கீலைக் கேட்டுட்டு வர்றதில்லை. ஆராதனைக்கு முன்னாடி ஸ்பீக்கர்ல போடற ரெக்கார்டு பாட்டை அது உடனே கண்டுபிடிச்சிரும். அதனால ஆரம்ப மணி அடிக்கும்போதுதான் லைவைத் திற.

வி.பி.எஸ்., அதான் விடுமுறை வேதாகமப் பள்ளிப் பிள்ளைங்க படம் போடணும்னு எல்லா அம்மாக்களும் கேட்பாங்க, ஒருத்தி மட்டும் கேட்க மாட்டா. அவ புருஷன்கிட்ட இருந்து தப்பிச்சு வந்து நம்ம ஊர்ல இருப்பா. அவளுக்காகத்தான் விதி. சேர்க்கைப் படிவத்துலயே 'படம் போடலாமா, வேண்டாமா'ன்னு பெற்றோர் கையெழுத்து வாங்கிரு. 2023-ல வந்த டிஜிட்டல் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் 18 வயசுக்குக் கீழ உள்ளவங்க விவரத்துக்குப் பெற்றோர் சம்மதம் கேட்குது.

ஜெப விண்ணப்பமும் அதே மாதிரிதான். 'இந்தச் சகோதரிக்காக ஜெபியுங்கள்' போதும். கர்ப்பப்பை, கட்டி, பையன் குடின்னு வியாதியையும் வீட்டு விஷயத்தையும் எழுதாதே. எச்.ஐ.வி. இருக்குன்னு ஒருத்தர் நம்பிச் சொன்னதைச் சம்மதமில்லாம வெளிய சொல்லக்கூடாதுன்னு 2017 சட்டமே சொல்லுது. ஆண்டவருக்கு விவரம் தெரியும், மத்தவங்களுக்குத் தெரிஞ்சு வரன் பேச்சு நின்னுபோன வீடு எனக்குத் தெரியும்.

காணிக்கைக்கு கியூஆர் போட்டா, ஸ்கேன் பண்ணும்போது சபை பேர் வரணும். பொருளாளர் பேர் வந்தா போடாதே, அவர் எவ்வளவு நல்லவரா இருந்தாலும் சரி. லைவ் திரையில கியூஆர் போடறதுக்கு முன்னாடி ஒண்ணு யோசி. குவைத்துல இருக்கிற பேத்தி இந்தியப் பாஸ்போர்ட்காரி, அவ தன் சம்பாத்தியத்துல இருந்து வங்கி வழியா அனுப்பறது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. ஆஸ்திரேலியாக் குடியுரிமை வாங்கிட்ட சித்தப்பா அனுப்பினா அது வெளிநாட்டு நன்கொடை. அதுக்கு எப்.சி.ஆர்.ஏ. அனுமதி வேணும், பணம் டெல்லி ஸ்டேட் பேங்க் பிரதானக் கிளைக் கணக்குக்குத்தான் வரணும். சித்தப்பாவுக்கு அது தெரியாது. திருமண்டல ஆபீஸ்ல கேட்டுட்டுப் போடு. அதோட மாசம் ஒரு தடவை, 'ஐயர் வாட்ஸ்அப்பில் யாரிடமும் பணம் கேட்க மாட்டார்'னு ஒரு வரி போட்டுரு. அவர் படத்தை வச்சு எவனோ கேட்கத்தான் செய்வான்.

பாஸ்வேர்டு எல்லாம் உன் பேர்ல வைக்காதே. சபைக்குன்னு ஒரு மெயில், மீட்பு நம்பரா கோயில் ஆபீஸ் போன், யூடியூப்ல குறைஞ்சது ரெண்டு உரிமையாளர். எங்க முதல் பேஸ்புக் பக்கம் பெங்களூர்ல வேலைக்குப் போன ஒரு தம்பி மெயில்ல இருந்துச்சு. அவன் போனைத் தொலைச்சான், பக்கமும் போச்சு. இன்னைக்கும் அதுல 2021 லெந்து கால ஒழுங்குதான் நிக்குது.

சனிக்கிழமை அறிவிப்பை எழுதினதும் கம்யூனிட்டியில போடறதுக்கு முன்னாடி அம்மாவுக்கு மட்டும் அனுப்பு. அவ திருப்பி ஏதாவது கேட்டான்னா அந்தப் பதிலையும் உள்ள எழுதிட்டு அப்புறம் போடு.

ஞாயித்துக்கிழமை லிங்கை எனக்கும் அனுப்பி விடு. நடுவுல ஒரு தடவை உனக்குப் போன் பண்ணிப் பார்ப்பேன். நீ எடுத்தேன்னா இருக்கு உனக்கு.