அச்சமும் மானமும்

நாடுகள் மோதுவதற்கு மண்ணாசையே காரணம் என்பார்கள். ஆனால் 1962 அக்டோபரில் உலகை அணு ஆயுதப் போரின் வாசல்வரை இட்டுச் சென்றவை அச்சமும் மானமுமே.

1961-இல் அமெரிக்கா பயிற்சி அளித்த படையொன்று கியூபாவில் இறங்கித் தோற்றது. மீண்டும் வருவார்களோ என்று கியூபா அஞ்சியது. துருக்கியில் அமெரிக்கா நிறுத்தியிருந்த ஏவுகணைகளோ சோவியத் தலைவர் குருஷேவின் கண்ணை உறுத்தின. அவர் கியூபாவுக்கு இரகசியமாக ஏவுகணைகளை அனுப்பினார். அமெரிக்க வேவு விமானம் அவற்றைப் படம் பிடித்தது. ஜனாதிபதி கென்னடி கடற்படையை அனுப்பித் தீவைச் சூழச் செய்தார்.

துருக்கியிலிருப்பவற்றை நீங்கள் அகற்றினால் இவற்றை நாங்கள் அகற்றுகிறோம் என்றார் குருஷேவ். துருக்கியிலிருந்தவை பழையன, போனால் பெரிய நட்டமில்லை. பிறகு ஏன் தயக்கம்? மிரட்டலுக்குப் பணிந்து நட்பு நாட்டைக் கைவிட்டார் என்ற பேச்சு வந்துவிடுமே! நாலு பேர் என்ன சொல்வார்கள் என்று நம் வீடுகளில் கேட்கும் கவலை வெள்ளை மாளிகையிலும் இருந்தது.

அக்டோபர் 27 அன்று ஜனாதிபதியின் தம்பி ராபர்ட் கென்னடி சோவியத் தூதரைத் தனியே சந்தித்தார். அவற்றை அகற்றுவோம், ஆனால் வெளியே சொல்லக் கூடாது என்பது நிபந்தனை. கியூபாவைத் தாக்குவதில்லை என்ற வாக்குறுதியும் கிடைக்கவே, மறுநாளே குருஷேவ் இணங்கினார். 1963 ஏப்ரலில் துருக்கி ஏவுகணைகள் சத்தமின்றி அகற்றப்பட்டன.

கென்னடியின் துணிவைப் புகழ்வோர் பலர். தாமே மூட்டிய தீ என்றாலும், தோற்றவர் என்ற பெயரை ஏற்று அதை அணைத்த குருஷேவின் பக்கமே என் மனம் சாய்கிறது. அவர் 1964-இல் பதவியையும் இழந்தார்.