போறணை பற்றவில்லையா? பொத்தானில் கை வைக்குமுன்...

விடியற்காலை இரண்டு மணிக்கு பேக்கரிக்காரனுக்கு வரும் தொலைபேசி அழைப்பில் நல்ல செய்தி இருப்பதில்லை. 2022 ஜூலை மாதம் ஓர் இரவு எனக்கு அப்படி ஓர் அழைப்பு வந்தது. "முதலாளி, போறணை பத்துதில்லை. பட்டனை அமத்தி அமத்திப் பாக்கிறன், சரிவரேல்லை" என்றான் இரவு வேலைக்கு நின்ற பையன்.

நான் போய்ச் சேருமுன் அது பற்றிவிட்டது. 'டமார்' என்ற சத்தத்தோடு போறணையின் கதவு திறந்து, வெளியே வந்த நெருப்பு பையனின் புருவத்தையும் முன்கையையும் பொசுக்கிவிட்டது. கூடம் முழுவதும் கரி. மேசையில் 300 பாணுக்குப் பிசைந்த மா பொங்கிக்கொண்டிருந்தது. பையனை ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டு நின்றபோதுதான் எனக்கு உறைத்தது: இந்த இயந்திரத்தை எட்டு வருடங்களாக வைத்திருக்கிறேன், இது எப்படிப் பற்றுகிறது என்பது எனக்கே தெரியாது!

எங்கள் வாப்பாவின் பேக்கரி யாழ்ப்பாணம் சோனகத் தெருவில் இருந்தது. செங்கல்லால் கட்டிய விறகுப் போறணை. பாண், போறணை இரண்டுமே போர்த்துக்கேயரிடமிருந்து வந்த சொற்கள். 1619 இல் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய அவர்கள் 1658 இல் ஒல்லாந்தரிடம் அதை இழந்தார்கள். பாண் மட்டும் எங்களோடு தங்கிவிட்டது. 1990 அக்டோபரில் வடபுல முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது வாப்பாவின் போறணை அணைந்தது. யுத்தம் முடிந்தபின் புத்தளத்திலிருந்து திரும்பி வந்து பார்த்தால் கூரையும் இல்லை, போறணையும் இல்லை. கொழும்பில் பழைய டீசல் போறணை ஒன்றை வாங்கி வந்து 2014 இல் தொழிலை மீண்டும் தொடங்கினேன். விறகுப் போறணையின் குணம் வாப்பாவிடம் படித்தது. டீசல் போறணையின் குணத்தை நான் யாரிடமும் படிக்கவில்லை. காசு கொடுத்து வாங்கியதோடு கடமை முடிந்தது என்று இருந்துவிட்டேன்.

அந்தக் கவலையீனத்துக்குக் கொடுத்த விலையிலிருந்து கற்றுக்கொண்டதை வியாபார சகோதரர்களுக்குச் சொல்வதே இந்தக் கட்டுரையின் நோக்கம்.

பற்றும் ஒழுங்கு

டீசல் போறணையின் உயிர் அதன் பேர்னரில் இருக்கிறது. குளிர் நாடுகளில் வீடுகளைச் சூடாக்கும் எண்ணெய் உலைகளிலும் இதே அமைப்புத்தான். அது ஓர் ஒழுங்கில் வேலை செய்கிறது.

முதலில், வெப்பத்தைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் 'சூடு வேண்டும்' என்று கட்டளை கொடுக்கிறது. மோட்டார் சுற்றத் தொடங்குகிறது. அந்த ஒரே மோட்டார்தான் காற்று விசிறியையும் எண்ணெய்ப் பம்பையும் சுற்றுகிறது. சில விநாடிகள் காற்று மட்டும் அடித்து, உள்ளே தேங்கிய புகையை வெளியேற்றுகிறது. அடுத்து டிரான்ஸ்போமர் பல ஆயிரம் வோல்ட் மின்சாரத்தை இரண்டு கம்பி முனைகளுக்கு அனுப்ப, தீப்பொறி உண்டாகிறது. பின்னர் வால்வு திறந்து, நொசில் என்னும் ஊசித்துவாரத்தின் வழியாக டீசல் பனிபோலத் தெளிக்கப்பட்டுப் பற்றுகிறது. கடைசியாக, 'கண்' எனப்படும் போட்டோசெல் நெருப்பின் வெளிச்சத்தைப் பார்க்கிறது.

கண் வெளிச்சத்தைக் காணாவிட்டால் கட்டுப்பாட்டுப் பெட்டி சில விநாடிகளில் எல்லாவற்றையும் நிறுத்திச் சிவப்பு விளக்கை எரியவிடுகிறது. எரியாத எண்ணெய் உள்ளே தேங்கக்கூடாது என்பதற்கான பாதுகாப்பு அது. நாம் அழுத்தும் பொத்தான் அந்தப் பூட்டைத் திறக்கும் சாவி. ஒவ்வொரு தடவை அழுத்தும்போதும் இன்னும் கொஞ்சம் டீசல் உள்ளே போகக்கூடும். பையன் எத்தனை தடவை அழுத்தினான் என்று அவனுக்கே கணக்கில்லை. தேங்கிய அத்தனையும் ஒரேயடியாகப் பற்றியதுதான் அந்த 'டமார்'.

ஆகவே முதற் பாடம்: பொத்தானை ஒரு தடவை அழுத்துங்கள். திரும்பவும் சிவப்பு விளக்கு எரிந்தால் கையை எடுங்கள். உள்ளே டீசல் மணம் இருந்தாலோ, எண்ணெய் தேங்கியிருந்தாலோ அந்த ஒரு தடவையும் வேண்டாம். மின்சாரத்தை நிறுத்தி, தெரிந்தவரைக் கூப்பிடுங்கள்.

மெக்கானிக் கேட்ட முதற் கேள்வி

அன்று கொழும்பிலிருந்து மெக்கானிக் வர வழியில்லை. நாடே எரிபொருள் வரிசையில் நின்ற காலம். தொலைபேசியில் அவர் கேட்ட முதற் கேள்வி: "நாநா, மோட்டார் சுத்தினதா?" பாதி வைத்தியம் அந்தக் கேள்வியில் இருக்கிறது.

மோட்டார் சுற்றவே இல்லை, சிவப்பு விளக்கும் இல்லை என்றால் பிழை மின்சாரப் பக்கம். பிரதான சுவிட்ச், ட்ரிப் சுவிட்ச், பியூஸ், அவசர நிறுத்தப் பொத்தான் ஆகியவற்றைப் பாருங்கள். தெர்மோஸ்டாட்டை யாராவது குறைத்து வைத்திருக்கிறார்களா? மின்சாரம் நின்று வந்தபின் டைமர் மாறியிருக்கிறதா? மூன்று பேஸ் மோட்டார் சுற்றாமல் உறுமினால் ஒரு பேஸ் இல்லாமல் போயிருக்கலாம். உடனே நிறுத்துங்கள், மோட்டார் எரிந்துவிடும்.

மோட்டார் சுற்றுகிறது, நெருப்பு வரவில்லை என்றால் முதலில் சந்தேகிக்க வேண்டியது எண்ணெய். தாங்கியில் கோலை விட்டு அளந்து பாருங்கள். 'நேற்றுத்தானே நிரப்பினோம்' என்ற பேச்சை நம்பவேண்டாம். குழாய் வால்வு மூடியிருக்கிறதா? பில்டர் அடைத்திருக்கிறதா? தாங்கி ஒரு தடவை முற்றாக வற்றியிருந்தால் குழாய்க்குள் காற்று புகுந்திருக்கும். பம்பிலுள்ள காற்றுநீக்கும் திருகாணியைத் தளர்த்தி, குமிழி இல்லாமல் எண்ணெய் வரும்வரை விடவேண்டும். மோட்டாரையும் பம்பையும் இணைக்கும் கப்ளிங் பல பேர்னர்களில் பிளாஸ்டிக்கினால் ஆனது. அது உடைந்தால் மோட்டார் சுற்றும், பம்ப் சுற்றாது. நொசில் அடைத்தால் ஊசியால் குத்தாதீர்கள். துவாரம் கெட்டுத் தெளிப்பு கோணலாகிவிடும். அதே இலக்கமுள்ள புதியதை மாற்றுங்கள்.

எண்ணெய் சரி, பொறி இல்லை என்றால் கம்பி முனைகளில் கரி படிந்திருக்கலாம். அவற்றின் பீங்கான் வெடித்திருக்கலாம். இது உயிராபத்தான மின்னழுத்தம். திருப்புளியை வைத்துச் சோதிப்பது நமது வேலையல்ல, மெக்கானிக்கின் வேலை.

பற்றிச் சில விநாடிகளில் அணைகிறது என்றால் பெரும்பாலும் கண்ணில் கரி. மின்சாரத்தை நிறுத்தி, போட்டோசெல்லைக் கழற்றி மெல்லிய துணியால் துடைத்தாலே பல தடவை சரியாகும்.

கறுப்புப் புகை வந்தால் காற்று போதவில்லை. பேக்கரியில் இதற்கு முதல் எதிரி நமது மாத் தூசுதான். விசிறி வாயில் படிந்து காற்றை அடைக்கும். புகைபோக்கியில் குருவிக் கூடு இருக்கிறதா என்பதையும் பாருங்கள்.

என் போறணையில் இருந்த பிழை

போறணையை நன்றாக ஆறவிட்டு, கதவைத் திறந்துவைத்து, தேங்கிய எண்ணெயைத் துணியால் ஒற்றி எடுத்தோம். பிறகு மெக்கானிக் சொல்லச் சொல்ல பில்டரைக் கழற்றினேன். கிண்ணத்தில் பாதி தண்ணீர், மீதி தேநீர்ச் சக்கைபோல அழுக்கு.

அந்த வருடம் மார்ச் இறுதியில் ஒரு நாளில் 13 மணித்தியாலம்வரை மின்வெட்டு இருந்தது. ஜூன் இறுதியில் ஓட்டோ டீசல் லீற்றர் 460 ரூபா ஆனது. அந்த விலைக்கும் கிடைக்காமல், பீப்பாய்களில் மிஞ்சிய அடி எண்ணெயை ஒரு துளி விடாமல் தாங்கிக்குள் ஊற்றியவன் நான்தான். டீசலைவிடத் தண்ணீர் பாரமானது. அது அடியில்தான் தங்கும். சிக்கனம் என்று நினைத்து ஊற்றியது தண்ணீரும் சேறும். பையனைக் குற்றம் சொல்ல எனக்கு வாயில்லை. எண்ணெயைக் கெடுத்தவனும் நான், பொத்தானின் அர்த்தத்தை அவனுக்குச் சொல்லிக் கொடுக்காதவனும் நான்.

பிசைந்த மாவில் பெரும்பகுதியை இரண்டு தெரு தள்ளியிருந்த விறகுப் போறணைக்காரர் தன் வேலையை ஒதுக்கிவைத்துச் சுட்டுத் தந்தார். தொழிலில் அவர் எனக்குப் போட்டியாளர்! மீதி புளித்து வீணாகியது.

இதில் உள்ள வியாபாரக் கணக்கு

ஒரு பில்டரின் விலையையும், ஓர் இரவு பாண் இல்லாவிட்டால் ஏற்படும் நட்டத்தையும் ஒரே தாளில் எழுதிப் பாருங்கள். மா, கூலி, மறுநாள் வேறு கடைக்குப் போய்த் திரும்பாத வாடிக்கையாளர், அடிபட்ட தொழிலாளியின் வைத்தியச் செலவு, எல்லாவற்றையும் கூட்டுங்கள். நான் கூட்டிப் பார்த்தபின் செய்தவை இவை:

1. பில்டர், நொசில், போட்டோசெல், கப்ளிங், பியூஸ் ஆகியவற்றில் ஒவ்வொன்று மேலதிகமாகக் கடையில் இருக்கும். கொழும்பு நாநூறு கிலோமீற்றர் தூரம். இரவு பஸ்ஸில் பார்சல் வந்தாலும் ஒரு நாள் வியாபாரம் போய்விடும்.

2. தாங்கியின் அடியிலிருந்து வாரம் ஒருமுறை கொஞ்சம் எண்ணெயைப் போத்தலில் எடுத்துப் பார்க்கிறோம். தண்ணீர் தெரிந்தால் தெளியும்வரை வடிக்கிறோம்.

3. பேர்னருக்கு அருகில் ஒரு கொப்பி தொங்குகிறது. என்ன நடந்தது, எது மாற்றப்பட்டது என்று திகதியோடு எழுதுகிறோம்.

4. 'ஒரு தடவைதான்' என்று பொத்தானுக்கு மேலே பெரிய எழுத்தில் ஒட்டியிருக்கிறது. பக்கத்தில் மணல் வாளியும் தீயணைப்பானும். எண்ணெய் நெருப்புக்குத் தண்ணீர் ஊற்றக்கூடாது என்பது எல்லோருக்கும் தெரியும்.

5. விறகுப் போறணைக்காரரோடு வாய்ப்பேச்சாக ஓர் ஒப்பந்தம்: அவருடையது நின்றால் என்னுடையது, என்னுடையது நின்றால் அவருடையது.

பேக்கரி இல்லாதவர்களுக்கும் இது பொருந்தும். ஜெனரேட்டரோ, அரிசி ஆலையோ, ஐஸ் இயந்திரமோ எதுவானாலும் அது வேலை செய்யும் ஒழுங்கைத் தெரிந்துகொண்டு, அதே ஒழுங்கில் பிழையைத் தேடுங்கள். கணக்குப் புத்தகத்தைப் பிறர் கையில் விட்டுவிட்டுத் தூங்கும் வியாபாரி இல்லை. இயந்திரத்தை மட்டும் ஏன் அப்படி விடவேண்டும்?

பையனின் கை ஆறிவிட்டது. இப்போது புதிதாக வேலைக்கு வருபவர்களுக்கு முதல் நாளே பேர்னரைக் கழற்றிக் காட்டிப் பாடம் சொல்பவன் அவன்தான். அவன் கேட்கும் முதற் கேள்வி: "மோட்டார் சுத்துதா?"