கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதங்கள்

கருவுற்ற நாள் முதல் ஆறு மாதம் வரை நிகழும் மாறுதல்களைச் சென்ற இதழில் ஒருவாறு கூறினோம். ஏழாம் மாதம் முதல் பிரசவம் வரையுள்ள காலத்தை இப்பாடத்தில் எடுத்துக்கொள்வோம். இதனைச் சகோதரிகள் மட்டுமன்றி, அவர்தம் கணவன்மாரும் மாமியார்மாரும் படித்தல் நன்று. ஆஸ்பத்திரிக்குப் போவதா, நாளைக்குப் பார்ப்போமா என்று முடிவு செய்பவர் பல வீடுகளில் அவர்களே அன்றோ?

28 வாரம் நிறைந்த சிசுவின் எடை ஏறக்குறைய ஒரு கிலோ. அதன் இமைகள் திறந்துவிட்டன, காது கேட்கிறது, திடீரென்று எழும் ஓசைக்கு அது துள்ளுவதைத் தாய் உணர்வாள். இதன்பின் தோலுக்கடியில் கொழுப்புச் சேர்ந்து உடல் திரளும். நுரையீரலின் நுண்ணிய காற்றறைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளாதபடி காக்கும் வழுவழுப்பான பொருளொன்று உண்டு. அது போதிய அளவு சுரப்பது 34, 35 வாரங்களை ஒட்டித்தான். ஏழாம் மாதத்துக் குழந்தை பிழைக்கும், எட்டாம் மாதத்துக் குழந்தை பிழைக்காது என்று நம்மூர்களில் சொல்வது முற்றிலும் பிழை. வயிற்றில் கூடுதலாக இருக்கும் ஒவ்வொரு வாரமும் குழந்தைக்கு லாபமே. 36 வாரத்திற்குள் பெரும்பாலான சிசுக்கள் தலைகீழாகத் திரும்பிவிடும்.

கருப்பை விலா எலும்பு வரை உயர்வதால் மூச்சு வாங்கும், நெஞ்சு எரியும். அடிக்கடி சிறுநீர் பிரியும். இரவில் கெண்டைக்கால் பிடித்து இழுக்கும். வயிறு சற்றே இறுகிப் பின் தளரும். மார்பில் மஞ்சள் நிறச் சீம்பால் கசிவதும் உண்டு. இவற்றுக்கு அஞ்ச வேண்டுவதில்லை.

அஞ்ச வேண்டியது எது, வேண்டாதது எது என்பதில் நம்மவர் மிகவும் தடுமாறுவது வீக்கத்தில்தான். சுந்தரபாண்டியம் போன்ற ஊர்களில் தறிக்குழியில் காலைத் தொங்கவிட்டு மணிக்கணக்காக மிதிப்போருக்கும், சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி நெய்யும் விசைத்தறிகளின் முன் நின்றே வேலை செய்வோருக்கும் மாலையில் கால் வீங்குவது இயல்பு. கருப்பையின் பாரம் இரத்தக் குழாய்களை அழுத்துவதால் நீர் கீழே தேங்குகிறது. மணிக்கொருமுறை எழுந்து நடந்து, இரவில் இடப்பக்கமாக ஒருக்களித்து, காலடியில் தலையணை வைத்துப் படுத்தால் விடியற்காலையில் அது பெரிதும் வடிந்துவிடும்.

காலையிலும் வடியாத வீக்கம் வேறு. கண்ணிமையும் முகமும் ஊதியிருத்தல், மோதிரம் இறுகுதல், வளைகாப்பில் இட்ட வளையல் மணிக்கட்டில் புரளாமல் பிடித்துக்கொள்ளுதல் ஆகியவற்றைக் கண்டால் அன்றே இரத்த அழுத்தம் பார்க்க வேண்டும். விடாத தலைவலி, கண் மங்குதல், கண்முன் பொறி பறத்தல், மேல்வயிற்றில் வலி ஆகியவை சேர்ந்தால் ஒரு மணி நேரமும் தாமதிக்கலாகாது. அழுத்தம் 140/90 அல்லது அதற்கு மேற்பட்டு, சிறுநீரில் புரதமும் கண்டால் வலிப்பு வரக்கூடும். தாய், சேய் இருவர் உயிருக்கும் அது ஆபத்து. வலிப்பைத் தடுக்க மக்னீசியம் சல்பேட் ஊசி உண்டு. ஆனால் அது ஆஸ்பத்திரியில்தான் உண்டு.

"முதல் பிள்ளைக்கு எனக்கும் இப்படித்தான் வீங்கியது, பார்லிக் கஞ்சி குடி, சரியாகும்" என்பார் மாமியார். பார்லிக் கஞ்சியால் தீங்கில்லை. இரத்த அழுத்தத்தை அது குறைக்காது என்பதே தொல்லை. உப்பைக் குறைத்தாலும் இந்நோய் தீராது. மேலும், சிலருக்கு வீக்கமே தோன்றாமல் அழுத்தம் ஏறுவதுண்டு. ஆதலின், உடம்பு நன்றாயிருக்கிறது என்று பரிசோதனையைத் தவறவிடலாகாது. ஒரு கால் மட்டும் வீங்கிச் சூடாக வலித்தாலும் மருத்துவரிடம் காட்டுக. அது இரத்தக் கட்டியாக இருக்கலாம்.

சர்க்கரைப் பரிசோதனையையும் செய்துகொள்க. 75 கிராம் குளுக்கோஸ் கொடுத்து இரண்டு மணி நேரம் கழித்து இரத்தம் எடுப்பர். அளவு 140 அல்லது அதற்கு மேலிருந்தால் இனிப்பைக் குறைக்கச் சொல்வர். பால்கோவாவுக்குப் பேர்போன ஸ்ரீவில்லிபுத்தூரில் இதைச் சொல்வது சற்றுக் கடினந்தான்.

வேலையை நிறுத்தினால் கூலி போகும் என்பதை நாம் அறியாமலில்லை. ராஜபாளையம் நூற்பாலைகளில் வேலை செய்யும் பெண்ணுக்கு முதலிரு பிரசவங்களுக்கு 26 வாரச் சம்பள விடுப்பு 2017 முதல் சட்டத்தில் உண்டு. வீட்டுத் தறியில் நெய்பவளுக்கு அதைக் கொடுப்பார் யார்? வீட்டார்தான் கொடுக்க வேண்டும். நெசவைப் பிறர் ஏற்று, கால் நீட்டி உட்கார்ந்து செய்யும் தார் சுற்றும் வேலையை அவளுக்கு விடலாம். பருத்திக் காட்டிலும் மாந்தோப்பிலும் பூச்சிமருந்து தெளிக்கும் நாளில் அவளை அப்பக்கம் விடலாகாது.

நாள் நெருங்க நெருங்கச் சிசுவின் துடிப்பு அடங்கும் என்பதும் தவறான எண்ணமே. அசைவு வழக்கத்தினும் குறைந்தாலோ, உதிரம் பட்டாலோ, பனிக்குடம் உடைந்தாலோ 108-ஐ அழைத்துவிடுக.

வளைகாப்பு முடிந்து தாய்வீடு செல்லும் பெண் பரிசோதனைச் சீட்டையும் உடன் கொண்டு செல்லட்டும். ராஜபாளையத்தில் அழுத்தம் எவ்வளவு இருந்தது என்பதை ஸ்ரீவில்லிபுத்தூர் மருத்துவர் அச்சீட்டைப் பார்த்தன்றோ அறிய வேண்டும்? அது புகுந்த வீட்டுப் பீரோவில் பத்திரமாக இருந்து பயனில்லை.