தரவு செல்லுபடியாக்கல்: மின்னஞ்சல் முகவரிப் பட்டியலைச் சோதித்தல்

மாணவர்களே, கொடிகாமத்திலிருந்து ஒருவர் கற்கைநெறி ஒன்றுக்கு இணையவழியில் விண்ணப்பிக்கிறார் எனக் கொள்வோம். நேர்முகப் பரீட்சைக்கான அழைப்பு மின்னஞ்சலில் வரும். முகவரியில் ஒரு குறி பிழைத்தால் அழைப்பு வராது. சிலவேளை வேறொருவரின் அஞ்சல் பெட்டிக்குப் போய்விடும். எனவே தரவை உள்ளிடும்போதே அது உரிய வடிவில் உள்ளதா எனக் கணினி சோதிக்க வேண்டும். இதுவே செல்லுபடியாக்கல் எனப்படும்.

1. முகவரியின் அமைப்பு

@ குறியை மின்னஞ்சலில் 1971 இல் பயன்படுத்தியவர் ரே டொம்லின்சன். கடித உறையில் ஆளின் பெயரும் ஊரும் இருப்பதுபோல, @ இற்கு இடப்பக்கம் பயனர் பெயரும் வலப்பக்கம் ஆள்களப் பெயரும் இருக்கும்.

2. ஒழுங்கு கோவை

எழுத்துத் தொடர் ஒன்றின் கோலத்தைக் குறிகளால் எழுதிக் காட்டுவது ஒழுங்கு கோவை (ரெகுலர் எக்ஸ்பிரஷன்). இதன் கணித அடிப்படையை 1950களில் ஸ்டீபன் கிளீனி வகுத்தார். 1968 இல் கென் தொம்சன் இதனைக் கணினியில் எழுத்துகளைத் தேடுவதற்குப் பயன்படுத்தும் முறையை வெளியிட்டார்.

எமது கோலம்:

^[^@ ]+@[^@ ]+\.[^@ ]+$

• ^ தொடக்கம், $ முடிவு.
• [^@ ] என்பது @ உம் இடைவெளியும் அல்லாத ஒரு வரியுரு. சதுர அடைப்பின் முதலில் வரும் ^ "அல்லாத" எனப் பொருள்படும்.
• + என்பது முன்னுள்ளது ஒரு தடவையோ பல தடவையோ வரலாம் என்பதாகும்.
• \. என்பது புள்ளி. தனியே . என எழுதினால் எந்த வரியுருவையும் குறிக்கும்.

3. செய்துகாட்டிய உதாரணம்

(அ) மாணவர்@உதாரணம்.இலங்கை – ஏற்கப்படும்.
(ஆ) மாணவர்.உதாரணம்.இலங்கை – @ இல்லை, நிராகரிக்கப்படும்.
(இ) மாண வர்@உதாரணம்.இலங்கை – இடைவெளி உண்டு, நிராகரிக்கப்படும்.
(ஈ) மாணவர்@உதாரணம் – @ இற்குப் பின் புள்ளி இல்லை, நிராகரிக்கப்படும்.
(உ) மாணவர்@உதாரனம்.இலங்கை – ஏற்கப்படும்!

(உ) இல் 'ண' இற்குப் பதிலாக 'ன' வந்துள்ளது. ஆயினும் வடிவம் சரி. கோலம் வடிவத்தை மட்டுமே பார்க்கும். அம்முகவரி உண்மையில் உள்ளதா, உரியவருடையதா என அதற்குத் தெரியாது. அதனை அறிய அம்முகவரிக்கு ஓர் இரகசிய இலக்கத்தை அனுப்பி, விண்ணப்பதாரரை அதனைத் திருப்பி உள்ளிடச் செய்ய வேண்டும். இது சரிபார்த்தல். இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

4. அளவுக்கு மீறிய இறுக்கம்

ஆங்கில எழுத்துகளை மட்டும் ஏற்கும் கோலம், இறுதிப் பகுதி 2 முதல் 4 வரியுருக்களே எனக் கூறும் கோலம் ஆகியவை பழைய நிரல்களில் உண்டு. ஆனால் 2010 இல் '.இலங்கை' என்னும் தமிழ் ஆள்களப் பெயர் அனுமதிக்கப்பட்டது. 2012 இல் பயனர் பெயரையும் பிறமொழி எழுத்துகளில் எழுதுவதற்கான மின்னஞ்சல் நியமங்கள் வெளியாகின. நாம் நான்கு எழுத்தாக எண்ணும் 'இலங்கை' யுனிகோட் முறையில் 6 குறியீடுகள் (இ, ல, ங, புள்ளி, க, ஐகாரக் குறி). ஆகவே அக்கோலங்கள் சரியான தமிழ் முகவரியையும் தள்ளிவிடும். பிழையானதை ஏற்பது போலவே சரியானதைத் தள்ளுவதும் குறைபாடே.

குறிப்பு: பட்டியலைச் சோதிக்குமுன் ஒவ்வொரு முகவரியின் முன்னும் பின்னும் உள்ள இடைவெளிகளை நீக்குக. இல்லையேல் நல்ல முகவரியும் நிராகரிக்கப்படும்.

பயிற்சி

மாணவர்@உதாரணம்..இலங்கை என்பதை எமது கோலம் ஏற்குமா? ஏற்குமாயின் கோலத்தைத் திருத்துக.

விடை: ஏற்கும். புள்ளியும் "@ உம் இடைவெளியும் அல்லாத" வரியுருவே. வலப்பக்க அடைப்புகளில் புள்ளியையும் விலக்க வேண்டும்:

^[^@ ]+@[^@ .]+(\.[^@ .]+)+$

இப்போது ஒவ்வொரு புள்ளிக்குப் பின்னும் புள்ளியல்லாத ஒரு வரியுருவாவது வந்தே ஆக வேண்டும்.