வேப்பிலை நானோ பாட்டிலும் லேப் ரிப்போர்ட்டும்

"மூலிகையில செஞ்ச நானோங்க, பக்கவிளைவே கிடையாது, லேப் ரிப்போர்ட் கூட இருக்கு" என்று சொல்லி யாராவது ஒரு பாட்டிலை நீட்டினால், அந்த ரிப்போர்ட்டில் எதைப் பார்ப்பது?

முதலில் செய்முறை. வேப்பிலையைக் கொதிக்கவைத்து வடித்த சாற்றை வெள்ளி நைட்ரேட் கரைசலில் ஊற்றினால் கரைசல் பழுப்பாக மாறும். சாற்றில் உள்ள பொருட்கள் வெள்ளி அயனிகளை உலோக வெள்ளித் துகள்களாக்கி, அவற்றின் மேல் ஒரு போர்வையையும் போர்த்திவிடுகின்றன. புனே தேசிய வேதியியல் ஆய்வகத்தார் 2004-லேயே இதை வெளியிட்டார்கள். துகளின் அளவு 1 முதல் 100 நானோமீட்டர். ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சம் கூறு போட்டால் அதில் ஒரு கூறுதான் 1 நானோமீட்டர். ஆக, வேம்பு இங்கே சமையல்காரர் மட்டும்தான். பாத்திரத்தில் இருப்பது வெள்ளி. 'பச்சை முறை' என்பது செய்த விதத்துக்கு வைத்த பெயர்.

இனி பரிசோதனை. 96 குழிகள் உள்ள தட்டில் செல்களை வளர்த்து, ஒவ்வொரு வரிசையிலும் வெவ்வேறு அளவு நானோ கரைசலை விட்டு, பெரும்பாலும் 24 அல்லது 48 மணி நேரம் வைப்பார்கள். பிறகு எம்.டி.டி. என்ற மஞ்சள் சாயம் சேர்ப்பார்கள். உயிருள்ள செல் அதை ஊதாவாக மாற்றும், செத்த செல் மாற்றாது. ஊதா எவ்வளவு அடர்த்தி என்று கருவியில் அளந்தால் எத்தனை சதவீதம் பிழைத்திருக்கிறது என்று தெரியும். மோஸ்மன் என்பவர் 1983-ல் கொடுத்த முறை இது. செலவு குறைவு, அதனால் எல்லா ஆய்வகத்திலும் உண்டு.

சிக்கல் இங்கேதான். தாவரச் சாற்றில் உள்ள பாலிஃபீனால் போன்ற பொருட்களே, செல் எதுவும் இல்லாமல், அந்தச் சாயத்தை ஊதாவாக்கிவிடும். செத்துப்போன செல்லும் உயிரோடு இருப்பதாகக் கணக்கு வரும்! இதைக் கண்டுபிடிக்க, செல் இல்லாத குழியில் நானோ கரைசலும் சாயமும் மட்டும் விட்டுப் பார்த்திருக்க வேண்டும். இலைச்சாறு தனியாக, வெள்ளி நைட்ரேட் தனியாக என்றும் குழிகள் இருக்க வேண்டும். வங்கியில் கடன் விண்ணப்பங்கள் பார்த்தவன் நான். கூட்டுத்தொகையை மட்டும் காட்டி உள்கணக்கை மறைக்கும் தாள்கள் எனக்குப் புதிதல்ல.

எந்தச் செல் என்பதும் முக்கியம். 1951-ல் ஹென்ரியெட்டா லாக்ஸ் என்ற அமெரிக்கப் பெண்ணின் புற்றுநோய்க் கட்டியிலிருந்து எடுத்த ஹீலா செல்கள் இன்றும் உலகெங்கும் ஆய்வகங்களில் வளர்கின்றன. 'புற்றுநோய்ச் செல்லைக் கொன்றது' என்பது மருந்துக்காரருக்கு நல்ல செய்தி. தெளிப்பான் தூக்கி மூடுபனி போன்ற சாரலைச் சுவாசிக்கிற நமக்கு வேண்டியது, சாதாரண நுரையீரல் செல்லும் தோல் செல்லும் என்ன ஆயின என்பது. அதுவும் ஒரு நாள் கணக்கு போதாது, நாம போகம் போகமா தெளிக்கிறவங்க.

தட்டில் பார்த்தது மண்ணுக்கும் ஆகாது. வெள்ளியின் வேலையே நுண்ணுயிரைக் கொல்வது. அது கெட்ட பூஞ்சை, நல்ல பாக்டீரியா என்று ஆள் பார்க்காது. ஜீவாமிர்தம் ஊற்றி வளர்த்த கூட்டத்தின் மேலேயே நாம் தெளித்துக்கொண்டிருப்போம். மண்புழுவுக்கு ஓ.இ.சி.டி. அமைப்பின் சோதனை முறைகள் இரண்டு உண்டு. 1984-ல் வந்தது 14 நாள் சோதனை, புழு சாகிறதா என்று மட்டும் பார்ப்பது. இன்னொன்று 56 நாள், குஞ்சு பொரிக்கிறதா என்று பார்ப்பது. புழு சாகாமலேயே வம்சம் அற்றுப் போகலாம் என்பதால் இரண்டாவதைத்தான் கேட்க வேண்டும்.

சான்றிதழ் வைத்திருப்பவர்களுக்கு ஒரு விஷயம். இங்கிலாந்தின் சாயில் அசோசியேஷன் 2008-லேயே செயற்கை நானோ பொருட்களை இயற்கைப் பொருட்களிலிருந்து விலக்கிவிட்டது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2018/848 விதியும் அவை கலந்த உணவை இயற்கை உணவாக ஏற்பதில்லை. நம் நாட்டில் நானோ வேளாண் இடுபொருட்களை மதிப்பிட உயிரித் தொழில்நுட்பத் துறை 2020-ல் வழிகாட்டுதல் வெளியிட்டிருக்கிறது. அதன்படி சோதித்ததா என்று விற்பவரிடம் கேளுங்கள். சான்றளிக்கும் நிறுவனத்துக்குப் பாட்டில் லேபிளின் நகலோடு கடிதம் எழுதி, பதில் கையில் வந்த பிறகு மூடியைத் திறக்கலாம்.