குடியை விட்ட பிறகு

குடியை விடுவது கடினம். விட்ட பிறகு வாழ்வதும் கடினம். "விட்டால் எல்லாம் சரியாகிவிடும்" என்றுதான் பலரும் சொல்கிறார்கள். உண்மையில் என்ன நடக்கிறது? பார்ப்போம்.

ஒரு கொத்தனாரை நினைத்துக்கொள்ளுங்கள். பெங்களூரில் வேலை. மனைவி, ஒரு மகள். 15 வருடம் குடித்தார். பிறகு மருத்துவமனையில் சிகிச்சை பெற்றார். குடியை விட்டு 4 மாதம் ஆகிறது.

அன்று சனிக்கிழமை. கூலி நாள். பேருந்து கிடைக்கவில்லை. வீடு வந்து சேர இரவு 9 மணி. மனைவி வாசலிலேயே நின்றார்.

"ஏங்க, கொஞ்சம் ஊதுங்க" என்றார்.

கொத்தனாருக்கு முகம் சுருங்கியது. கூலி முழுதும் சட்டைப் பையில் இருந்தது.

"4 மாசமா தொடல. இன்னும் சந்தேகமா?" என்று கத்தினார். வந்த வழியே திரும்பி நடந்தார்.

தெரு முனையில் மதுக்கடை. "குடிக்காமலே கெட்ட பெயர். குடித்தால்தான் என்ன?" என்றது மனம். கால் நின்றது.

அப்போது ஒரு பெரியவர் நினைவுக்கு வந்தார். அவரும் ஒரு காலத்தில் குடித்தவர்தான். கொத்தனார் அவருக்குப் போன் செய்தார்.

"எத்தனை வருஷம் குடிச்சே?" என்று கேட்டார் பெரியவர்.

"15 வருஷம் ஐயா."

"விட்டு?"

"4 மாசம்."

"15 வருஷம் நீ சொன்ன பொய்யை 4 மாசத்துல மறக்கச் சொல்றியா? வீட்டுக்குப் போப்பா. கூலியை அந்தப் பொண்ணு கையில கொடு."

கொத்தனார் வீடு திரும்பினார். கூலியைக் கொடுத்தார்.

"நீ கேட்டதுல தப்பில்ல" என்றார்.

மனைவி அழுதார். "நீங்க மாறிட்டீங்க. எனக்குத்தான் இன்னும் பயம் போகல" என்றார்.

மனம் படும் பாடு

குடிக்கும்போது கவலை மறந்திருந்தது. விட்ட பிறகு எல்லாம் நினைவுக்கு வரும். அடித்தது, அடகு வைத்தது, அவமானப்பட்டது எல்லாம் வரும். தூக்கம் வராது. சின்ன விஷயத்துக்கும் எரிச்சல் வரும். பழைய நண்பர்கள் கேலி செய்வார்கள். உடம்பும் மூளையும் பழைய நிலைக்குத் திரும்பப் பல மாதங்கள் ஆகலாம். இது பலருக்கும் வருவதுதான். இதற்காக வெட்கப்பட வேண்டாம்.

குடும்பத்தாருக்கும் காயம் உண்டு. இத்தனை நாள் அடக்கி வைத்த கோபம் இப்போது வெளியே வரும். நம்பிக்கை ஒரே நாளில் வராது. செங்கல் மேல் செங்கல் வைப்பது போலத்தான் அதைக் கட்ட வேண்டும்.

இந்த நான்கில் கவனம்

பசி, கோபம், தனிமை, களைப்பு. இந்த நான்கும் இருக்கும்போது குடிக்கும் ஆசை எளிதில் வரும். வேளைக்குச் சாப்பிடுங்கள். ஓய்வு எடுங்கள். மனதில் உள்ளதை யாரிடமாவது பேசுங்கள். ஆசை வந்தால் அந்த இடத்தை விட்டு நகருங்கள். ஆசை ஓர் அலை போன்றது. பெரும்பாலும் அரை மணி நேரத்தில் தணிந்துவிடும். "வாழ்நாள் முழுதும்" என்று மலைக்க வேண்டாம். "இன்று ஒரு நாள் குடிக்க மாட்டேன்" என்று நினையுங்கள்.

ஒரு நாள் தவறிவிட்டால்? மறைக்காதீர்கள். எல்லாம் போயிற்று என்றும் விட்டுவிடாதீர்கள். உடனே உதவி கேளுங்கள்.

உதவி எங்கே?

ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் என்ற அமைப்பு 1935-இல் அமெரிக்காவில் தொடங்கியது. இந்தியாவில் பல ஊர்களில் அதன் கூட்டங்கள் நடக்கின்றன. கட்டணம் இல்லை. குடியை விட்டவர்களும், விட நினைப்பவர்களும் அங்கே மனம் விட்டுப் பேசுகிறார்கள். குடும்பத்தாருக்கு அல்-அனான் என்ற தனிக் கூட்டம் உண்டு. மத்திய அரசின் உதவி எண் 14446. இதற்கும் கட்டணம் இல்லை.

எச்சரிக்கை: தினமும் அதிகமாகக் குடிப்பவர்கள் திடீரென நிறுத்தினால் நடுக்கம், வலிப்பு வரலாம். உயிருக்கே ஆபத்து ஆகலாம். மருத்துவரிடம் கேட்டுவிட்டு நிறுத்த வேண்டும்.

கிடைத்தது என்ன?

முன்பெல்லாம் அப்பாவின் செருப்புச் சத்தம் கேட்டதும் மகள் போர்வையை இழுத்து மூடிக்கொள்வாள். தூங்குவது போல நடிப்பாள். கொத்தனாருக்கு அது தெரியாது.

குடியை விட்ட ஏழாம் மாதம். ஒரு மாலை அவர் வீட்டுக்குள் நுழைந்தார். மகள் நோட்டுப் புத்தகத்துடன் எதிரே வந்தாள்.

"அப்பா, இந்தக் கணக்கு வரல. சொல்லித் தாங்க" என்றாள்.

கொத்தனார் கை கால் கழுவிவிட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தார்.

கலந்து பேசுங்கள்

1. மனைவி ஊதச் சொன்னது சரியா? ஏன்?
2. கொத்தனார் பெரியவருக்குப் போன் செய்யாவிட்டால் என்ன நடந்திருக்கும்?
3. குடியை விட்டவரைக் கேலி செய்யலாமா? நாம் அவருக்கு எப்படி உதவலாம்?

எழுதுங்கள்

கவனமாக இருக்க வேண்டிய நான்கு எவை? பார்க்காமல் எழுதுங்கள்.